பீரோவில் கெட்டுப்போகும் தோட்டா

சேலத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றின் பின்கட்டில், பழுது பார்க்கும் மேசை ஆர்மரர் ஒருவருடையது. அங்கே வந்து நிற்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஏனுங்க, விலை கம்மியா இருக்குதே, இத நம்பி வாங்கலாமுங்களா?" நாமக்கல் முட்டை வியாபாரி கேட்பார். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி முதலாளி கேட்பார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரரும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரரும் அதையேதான் கேட்பார்கள். ஆர்மரர் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான்: "வாங்கிட்டுப் போயி எங்க வெப்பீங்க?"

கேட்டவர்களுக்கு எரிச்சல் வரும். சரக்கு நல்லதா என்று கேட்டால் வைக்கிற இடத்தைப் பற்றி விசாரிக்கிறாரே என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்த வட்டாரத்தில் விலை குறைந்த கைத்துப்பாக்கித் தோட்டாவின் கதை பாதிக்குமேல் அந்த எதிர்க்கேள்வியில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆலையில் கெட்ட தோட்டாவைவிட பீரோவில் கெட்ட தோட்டாவைத்தான் தம் மேசையில் அதிகம் பார்த்ததாகச் சொல்கிறார்.

காவல்துறை ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று காவலர்கள் சொல்லும் ஆயுதக் கிடங்கில் பழகிய பழக்கம் இன்றும் போகவில்லை. எந்தப் பெட்டியை எடுத்தாலும் விலைச் சீட்டைப் பார்க்கமாட்டார். ஒரே தொகுதியாகச் செய்த சரக்கைக் குறிக்கும் லாட் எண்ணைத்தான் முதலில் தேடுவார். கிடங்கில் பழைய லாட் முதலில் பயிற்சிக்குப் போகும், புதியது பின்னால் நிற்கும். ஒரு லாட்டில் கோளாறு தெரிந்தால் அந்த லாட் முழுவதையும் ஒதுக்கிவைப்பார்கள். நல்ல கம்பெனி, மட்டமான கம்பெனி என்ற பேச்சே அங்கே எழாது. நல்ல லாட், சந்தேகத்துக்குரிய லாட், அவ்வளவுதான்.

இந்தியாவில் தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தோட்டாவில் பெரிய தேர்வு கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் 9 மி.மீ., .38, .455 போன்ற படைத்துறை அளவுகளைப் பொதுமக்களுக்குத் தடை செய்துவிட்டன. மிஞ்சியது பெரும்பாலும் .32தான். அதிலும் இரண்டு வகை. ரிவால்வருக்குப் போவது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்; 1896இல் அமெரிக்காவில் பிறந்தது. பிஸ்டலுக்குப் போவது .32 ஏசிபி என்கிற 7.65 மி.மீ. தோட்டா, ஜான் பிரவுனிங் 1899இல் வடிவமைத்தது. முதலாவதில் வழக்கமாக 98 கிரெய்ன், அதாவது 6.35 கிராம் ஈயக் குண்டு. இரண்டாவதில் 71 கிரெய்ன், சுமார் 4.6 கிராம், குண்டின்மேல் செம்புக் கலவை உறை இருக்கும்.

கடைக்கு வருகிறவர்கள் இரண்டையும் 'முப்பத்திரண்டு' என்றுதான் கேட்கிறார்கள். வினை அங்கேதான். சில .32 ரிவால்வர்களின் சிலிண்டரில் பிஸ்டல் தோட்டா போய் உட்கார்ந்துகொள்ளும். விளிம்பு சற்றுச் சின்னது என்றாலும் பிடித்துக்கொள்ளும். விசையை இழுத்தால் வெடித்தும் தொலைக்கும். ஆனால் அமெரிக்கத் தொழில் தரக் கணக்குப்படி ரிவால்வர் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. தாத்தா காலத்து ரிவால்வருக்கு அந்த வித்தியாசம் விளையாட்டல்ல. அண்ணனிடம் ரிவால்வர், தம்பியிடம் பிஸ்டல், இரண்டு பேர் தோட்டாவும் ஒரே டப்பாவில் என்று வந்த குடும்பம் ஒன்று உண்டு. ஒருவர் உரிமத்தில் உள்ள தோட்டாவை இன்னொருவர் வைத்திருப்பதே சட்டப்படி தப்பு என்று அவர் அதட்டிய அதட்டலில் அண்ணன் தம்பி இருவரும் அன்றைக்கே தனித்தனி டப்பா வாங்கினார்களாம்.

மேசைக்கு வரும் தோட்டாக்களில் மிகப் பெரும்பாலானவை அரசுத் தொழிற்சாலைச் சரக்கு. புனே அருகே கட்கியில் 1869இல் தொடங்கிய வெடிபொருள் தொழிற்சாலையின் 'கேஎஃப்' முத்திரையைத் தோட்டாக் கூட்டின் அடியில் பார்க்கலாம். மகாராஷ்டிரத்திலேயே வரண்காவ் ஆலையும் சிறு ஆயுதத் தோட்டாக்கள் செய்கிறது. புகையில்லா வெடிமருந்து செய்யும் ஆலை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில், 1900களின் தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 அக்டோபர் 1இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, இந்த மூன்று ஆலைகளும் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற கம்பெனிக்குள் போயின. பெட்டியில் அச்சடித்த பெயர் மாறியது. பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் 'கேஎஃப்' என்றுதான் கேட்கிறார்கள்.

வெளிநாட்டுச் சரக்கு எப்போதாவது வரும். 1825இல் பிராகில் தொடங்கிய செல்லியர் அண்ட் பெல்லோ, இத்தாலியின் ஃபியோக்கி, செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான், பிரேசிலின் மேக்டெக் போன்ற பெயர்கள். விலை கூடுதல். பெட்டி பளபளப்பாக இருக்கும். 'ஃபாரின்' என்ற சொல்லுக்கு இந்த ஊரில் இருக்கும் மவுசு டேப் ரெக்கார்டர் காலத்தோடு போய்விடவில்லை.

இனி, நல்ல தோட்டாவை எப்படிக் கண்டுபிடிப்பது? சுட்டுப் பார் என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் பதில். அமெரிக்கர்கள் ஆயிரம் தோட்டா அடங்கிய பெட்டியை மலிவு விலைக்கு வாங்கி, முந்நூறு நானூறைச் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். துலா, பர்னாவுல் என்று ரஷ்யாவிலிருந்து வந்த இரும்புக்கூட்டுத் தோட்டாக்கள் அங்கே அப்படித்தான் பேர் வாங்கின: புகை அதிகம், அழுக்கு அதிகம், ஆனால் வெடிக்கும். 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசு ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதிகளைக் கட்டுப்படுத்தியபோது அங்கே மலிவுச் சந்தையே கலங்கியது.

நம்மவர் நிலைமை வேறு. வாங்கும் ஒவ்வொரு தோட்டாவும் உரிமப் புத்தகத்தில் ஏறுகிறது. எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று கலெக்டர் அலுவலகமோ, சேலம் மாநகரமானால் கமிஷனர் அலுவலகமோ எழுதிக் கொடுத்திருக்கும். தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்த்துச் சுட முடியாது. அனுமதி பெற்ற சுடுதளத்துக்குப் போக வேண்டும், போகிறவர்கள் சொற்பம். உரிமம் வாங்கிய ஆண்டு ஒரு பெட்டி வாங்கி, அதை அப்படியே மகன் கல்யாணம்வரை வைத்திருக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

இருப்பதில் ஐந்தைச் சுட்டுப் பார்த்தால் தெரியாதா என்பார்கள். இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவார். நூறில் இரண்டு சொத்தை என்று வைத்துக்கொள்வோம். உயிரைக் காக்க வாங்கிய பொருளுக்கு அது மிக மோசமான விகிதம். ஆனால் அப்படிப்பட்ட சரக்கிலிருந்து ஐந்தை எடுத்துச் சுட்டால், ஐந்துமே வெடித்துவிடுவதற்கான வாய்ப்பு 90 சதவீதம்! 'அஞ்சுக்கு அஞ்சு வெடிச்சுதுங்க' என்ற நற்சான்றின் மதிப்பு அவ்வளவுதான். நூறில் இரண்டுக்குமேல் சொத்தை இராது என்று துணிந்து சொல்ல, ஒரே லாட்டில் சுமார் 150 தோட்டா ஒன்றுகூடச் சறுக்காமல் வெடித்திருக்க வேண்டும். அத்தனை தோட்டாவை யார் இங்கே சுட்டுத் தீர்க்க முடியும்? ஆகவே சுடாமல் பார்த்தறிகிற வித்தைதான் இவருக்குச் சோறு போடுகிறது.

அவர் மேசையில் ஒரு கண்ணாடிப் பலகை, நகை பார்க்கும் பூதக்கண்ணாடி, வெள்ளைத் துணி, ஒரு மூலையில் மணல் பெட்டி. தோட்டாவின் சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உரிமப் புத்தகம் மேசைமேல் திறந்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் தோட்டாக்களைத் தலைகீழாக, அடிப்பக்கம் மேலே தெரிய நிறுத்துவார். முத்திரை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா, துப்பாக்கியின் ஊசி அடித்ததும் தீ மூட்டுகிற, நடுவில் இருக்கும் கேப்பின் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நுனியால் ஒவ்வொரு அடியையும் ஒருமுறை தடவுவார். கேப்பு கூட்டின் அடிமட்டத்தோடு சமமாகவோ இழையளவு உள்ளடங்கியோ இருக்க வேண்டும். இழையளவு வெளியே துருத்தியிருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படித் துருத்திய கேப்பு ரிவால்வரில் இரண்டு விதத்தில் கெடுக்கும். சிலிண்டர் சுழலும்போது பின்சட்டத்தில் உரசி இறுகும். சுழன்றுவிட்டாலும், ஊசி அடிக்கிற அடியில் பாதி, கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது.

அடுத்து, கண்ணாடிமேல் உருட்டுவார். குண்டு கோணலாக உட்கார்ந்திருந்தால் உருளும்போது மூக்கு ஆடும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் குண்டைப் பிடித்து மெல்லத் திருகிப் பார்ப்பார். திரும்பினால் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம், ஒதுக்கிவிடுவார். மங்கிப்போன ஈயத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் துடைத்துவிட்டுக் கூட்டின் வாயைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். கடைசியாக அதே ரிவால்வரின் சிலிண்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. குழல் மணல் பெட்டியைப் பார்த்திருக்கும், விரல் விசைப்பக்கம் போகாது. தோட்டா தன் எடைக்கே இறங்கி உட்கார வேண்டும். கட்டைவிரலால் அழுத்தித்தான் இறங்குகிறது என்றால் கூடு உப்பியிருக்கிறது, அல்லது களிம்பு.

தராசு மேசையில் இல்லை. ஒரு சமயம் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் தம் மின்தராசையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மருந்து குறைந்த தோட்டாவை எடை போட்டுப் பிடித்துவிடலாம் என்பது அவர் யோசனை. மில்லிகிராம் கணக்கில் வெள்ளி நிறுக்கிற ஆளுக்கு இயல்பான யோசனைதான். ஆனால் ரிவால்வர் தோட்டாவில் இருக்கும் மருந்தே ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்குக்குள்தான். கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு இருக்கிற எடை வித்தியாசத்தில் அந்த மருந்துக் குறை ஒளிந்துகொள்ளும். தராசு ஒரே ஒரு விஷயத்தைத்தான் உறுதியாகக் காட்டும்: பெட்டியிலுள்ள சரக்கு ஒரே கையால் செய்ததா, பல இடத்துப் பொறுக்கலா என்று. அதை முத்திரையும் காட்டிவிடும்.

இப்போது பீரோவுக்கு வருவோம்.

முதல் எதிரி எண்ணெய். துப்பாக்கிக்கு எண்ணெய் போடச் சொன்னால் தோட்டாவுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அடிக்கும் ஸ்பிரே என எல்லாம் நடக்கும். மெல்லிய எண்ணெய் கேப்பின் ஓரத்து இடுக்கு வழியே இறங்கி உள்ளேயிருக்கும் கலவையை நமுத்துப்போகச் செய்துவிடும். வெளியே பார்த்தால் தோட்டா தங்கம்போல மின்னும். இவர் மேசைக்கு வந்த வெடிக்காத தோட்டாக்களில் மிகவும் பளபளப்பாக இருந்தவைதான் மிகவும் சொத்தை.

இரண்டாவது, தோல். இடுப்பு உறையில் தோட்டாவுக்கென்று வளையங்கள் வைத்துத் தைத்திருப்பார்கள். சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். பதனிட்ட தோலிலுள்ள அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பை ஏற்றும். மாதக்கணக்கில் உறையிலேயே கிடந்த தோட்டாவை உருவினால் நடுவில் பச்சை வளையம் போட்டிருக்கும். அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டு வருகிற அன்பர்களும் உண்டு. கூட்டின் சுவர் தேய்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆயுத பூஜை. லாரிக்கும் ரிக்குக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பொட்டு வைக்கிற ஊரில் ரிவால்வரை மட்டும் விட்டுவிட முடியுமா? சந்தனத்தைக் குழைத்துத் துப்பாக்கிக்கு வைத்துவிட்டு, பக்கத்தில் வரிசையாக நிறுத்திய தோட்டாக்களின் அடியில், சரியாக நடுவில், கேப்பின்மேல் குங்குமம் வைப்பார்கள். பொட்டு வைக்க அதைவிடப் பொருத்தமான வட்டம் கிடைக்காதுதான். ஈரச் சந்தனம் அங்கேயே காய்ந்து இறுகிவிடும். "துப்பாக்கிக்கு வெய்யுங்க, பெட்டிக்கு வெய்யுங்க. தோட்டாவ மட்டும் சாமி மன்னிச்சுக்கும், விட்ருங்க" என்று புரட்டாசியிலேயே சொல்லத் தொடங்கிவிடுவார்.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் சேலமும் நாமக்கல்லும் 40 டிகிரியைத் தொடும் ஊர்கள். லாரி கேபினிலும் கார் டேஷ்போர்டிலும் அதற்கும் மேலே போகும். புகையில்லா மருந்து என்பது நைட்ரோசெல்லுலோஸ்; அது தானாகச் சிதைவதைத் தடுக்க ஒரு நிலைநிறுத்திப் பொருள் சேர்த்திருப்பார்கள். சூடு ஏற ஏற அது வேகமாகத் தீரும். ஒரு கோடையில் ஒன்றும் ஆகாது. பத்துக் கோடை டேஷ்போர்டில் கிடந்த தோட்டாவுக்கு அவர் உத்தரவாதம் தரமாட்டார்.

இவை எல்லாவற்றையும்விட அவரைத் திகைக்கவைத்தது வேறொன்று. நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை முதலாளி ஒருவர் கொண்டுவந்த தோட்டாக்கள் அவை. எண்ணெய் இல்லை, தோல் உறை இல்லை. தகரப் பெட்டியில் துணி சுற்றி, பண்ணை அலுவலக அறையின் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கூட்டின் வாயிலிருந்து கீழ்நோக்கி, மயிரிழைபோல நெட்டுவாக்கில் விரிசல். ஒன்றிரண்டில் அல்ல, பெட்டியில் பாதிக்கு. சரக்கு மட்டம் என்று முதலாளி சண்டைக்கே தயாராகத்தான் வந்திருந்தார். ஆர்மரர் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே லாட்டில் வாங்கிய இன்னொருவரை வரவழைத்துப் பார்த்தார். அவர் ஆத்தூர்க்காரர், வீட்டு பீரோவில் வைத்திருந்தார். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

விடை நூறாண்டுப் பழசு. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் இருந்த படைகளின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் காரணம் தெரியாமல் விரிசல் விட்டன. பருவத்தோடு வந்து போனதால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் காற்றின் ஈரமும் சேர்ந்து பித்தளையைத் தின்றன. எல்லாப் பித்தளையையும் அல்ல, உள்ளுக்குள் இறுக்கம் ஏறிய இடங்களை மட்டும். தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. தகட்டிலிருந்து இழுத்து இழுத்துக் குழலாக்குவார்கள். குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் வாய்ப்பகுதியில் அந்த இறுக்கம் நிரந்தரமாகத் தங்கிவிடும். அம்மோனியா அங்கேதான் வேலையைக் காட்டும். ராணுவத் துப்பாக்கித் தோட்டாக்களின் கழுத்தைச் சூடுபடுத்தி இறுக்கம் தளர்த்துவது இதற்காகத்தான். அவற்றின் கழுத்தில் தெரியும் நீலம் கலந்த பழுப்பு நிறம் அந்தச் சூட்டின் தடம்.

குதிரை லாயத்தின் இடத்தில் நாமக்கல்லில் கோழிக் கொட்டகை. கூண்டுகளுக்கு அடியில் குவியும் எரு ஐப்பசி மழையில் ஈரம் கண்டால் கண் எரிகிற அளவுக்கு அம்மோனியா கிளம்பும். பண்ணைக்குள் நுழைந்தவர்களுக்கு அது புதுசல்ல. அலுவலக அறை கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில். தகரப் பெட்டிக்குக் காற்றுப்புகா மூடி கிடையாது. முட்டைப் பணம் வாங்கி எண்ணுகிற இடம் பண்ணை என்பதால் ரிவால்வரும் அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. அதற்குப்பின் பண்ணைக்காரர் யார் வந்தாலும் ரப்பர் வளையம் வைத்த, இறுக மூடும் டப்பா ஒன்றும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் வாங்கவைத்துத்தான் அனுப்புகிறார். வெளிநாட்டுத் தோட்டாவானாலும் இதே கதிதான் என்றும் சொல்லி அனுப்புகிறார், ஏனென்றால் அதுவும் பித்தளைதான்.

ஆலைகள் குற்றமே செய்வதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2014 முதல் 2020 வரை தரக்குறைவான வெடிபொருட்களால் 960 கோடி ரூபாய் நஷ்டம் என்று ராணுவத்தின் உள் அறிக்கை ஒன்று சொன்னதாக 2020 செப்டம்பரில் செய்திகள் வந்தன. அது பீரங்கிக் குண்டுகளையும் பெரிய வகைகளையும் பற்றிய பேச்சு; .32க்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கையில் வைத்திருந்த தோட்டாவைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்கிறார்.

வெடிக்காத தோட்டாவோடு வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது தோட்டாவை அல்ல, ரிவால்வரை. கேப்பில் விழுந்த பள்ளத்தைப் பார்ப்பார். பள்ளம் ஆழமாக, நடுவில் இருந்து, அப்படியும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவுடையது. மேலோட்டமாகக் கீறியதுபோல் இருந்தால் ஹேமரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது ஊசியில் பிசுக்கு இறுகியிருக்கிறது. விசை கடினமாக இருக்கிறது என்று தெருவோர மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்தவர்கள் இருக்கிறார்கள். விசை வெண்ணெயாகிவிடும், தோட்டா வெடிக்காது, பழி தோட்டாமேல் விழும். சுடுதளத்தில் வைத்து அதே தோட்டாவை இரண்டாம் முறை அடித்து அது வெடித்துவிட்டால், துருத்திய கேப்போ தளர்ந்த ஸ்பிரிங்கோ என்று வட்டம் சுருங்கிவிடும். பிஸ்டலானால் பாதிக் கோளாறு மேகசினில்தான் இருக்கும். 7.65இன் விளிம்பு கூட்டைவிடச் சற்றே அகலம். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் நகராது.

விசையை இழுத்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே நீட்டி அரை நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். தாமதித்து வெடிக்கிற தோட்டாவும் உண்டு. அதைவிட மோசமானது 'டப்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'புஸ்' என்று கேட்பது. மருந்து நமுத்தோ குறைந்தோ போய், கேப்பின் உந்துதலில் மட்டும் குண்டு கிளம்பிக் குழலின் நடுவில் நின்றிருக்கும். பதற்றத்தில் அடுத்ததையும் சுட்டால் குழல் உப்பும், அல்லது பிளக்கும். தோட்டாவை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. வீங்கிய குழல் ஒன்றை அவர் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். புதிதாக உரிமம் வாங்கியவர்கள் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அதிக விலைத் தோட்டாவுக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது: போட்டி. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் உலகம் முழுக்க வீரர்கள் விரும்புவது இதே .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்தான், ஆனால் 'வாட்கட்டர்' என்ற தட்டைத்தலை வகை. குண்டு கூட்டின் வாயோடு சமமாக உள்ளேயே அடங்கியிருக்கும்; காகித இலக்கில் பஞ்சிங் மெஷின் குத்தியதுபோல் சுத்தமான வட்டம் விழும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றது இந்த சென்டர் ஃபயர் பிரிவில்தான். அந்த மட்டத்தில் லாட்டுக்கு லாட் சோதித்து, தன் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிற லாட்டை மொத்தமாக வாங்கிவைப்பார்கள். வீட்டுக் காவலுக்கு ரிவால்வர் வைத்திருப்பவருக்கு அந்தத் துல்லியத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்கு வேண்டியது வெடிப்பது. ஒவ்வொரு முறையும் வெடிப்பது. இந்த ஒன்றில் மலிவுச் சரக்குக்கும் விலைச் சரக்குக்கும் உள்ள இடைவெளி, சரியாக வைத்திருக்கும் பட்சத்தில், பெட்டிகளின் விலைச் சீட்டு சொல்லும் அளவுக்கு இல்லை என்பது அவர் தீர்ப்பு.

வேடிக்கை என்னவென்றால் துப்பாக்கிக்குச் செலவழிக்க யாரும் தயங்குவதில்லை. 2014இல் கான்பூர் பீல்ட் கன் ஆலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற எடை குறைந்த .32 ரிவால்வரை வெளியிட்டபோது விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்குமேல். 1980களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால் பழைய வெப்ளி அண்ட் ஸ்காட்டுக்கு அதையும் தாண்டிக் கொடுக்கிறார்கள். அவ்வளவு கொடுத்தவர் பத்து வருஷப் பழைய தோட்டாவை மாற்றச் சொன்னால் மட்டும் கணக்குப் பார்ப்பார்.

மலிவிலும் மலிவு ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பேசவே அவருக்குப் பிடிக்காது. சுட்ட கூட்டுக்கு மறுபடி மருந்தடைத்து யாரோ கைமாற்றிவிடுகிற தோட்டா. உரிமமில்லாமல் தோட்டா செய்வதும் விற்பதும் ஆயுதச் சட்டப்படி குற்றம். கேப்பின் நிறம் ஒன்றுக்கொன்று மாறியிருக்கும், முத்திரை கலந்திருக்கும், விளிம்பில் முன்பு ஒருமுறை வெளியே இழுக்கப்பட்ட கீறல் தெரியும், கூட்டின் வாயில் பழைய கவ்வல் தடத்தின்மேல் புதுத் தடம் இருக்கும். அப்படி ஒன்று மேசைக்கு வந்தால் சோதிப்பதில்லை, விலை பேசுவதில்லை, காவல் நிலையத்துக்குத்தான் வழி சொல்வார். கொல்லிமலை, கல்வராயன் பக்கமிருந்து ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கிக்குக் கேப்பு கேட்டு வருகிறவர்களுக்கும் உரிமம் இல்லையென்றால் அதே பதில்தான்.

இவர் மேசையில் கூட்டம் சேர்வது தேர்தலுக்குத் தேர்தல். தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச்சில் வந்து குவிந்தவை ஜூனில் திரும்பிப் போயின. திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்து, களிம்பேறியதைத் தனியே எடுத்துவைத்து, மாற்றிக்கொள்ளச் சொல்வது அவர் வழக்கம். ஒதுக்கிய தோட்டாவை என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. குப்பையில் போடக் கூடாது, புதைக்கக் கூடாது, எரிக்கவே கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டுக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து, புத்தகத்தில் கழித்துக்கொள்ள வேண்டும். ராசிபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் இந்த எழுத்து வேலைக்குச் சோம்பி, களிம்பேறிய தோட்டாக்களைத் தம் கிணற்றில் போட்டுவிட்டார். அடுத்த வறட்சியில் தூர் வாரிய ஆட்கள் சேற்றோடு அவற்றை அள்ளிப் போட, போலீஸ் வந்து, புத்தகத்தில் இருந்த கணக்கும் கிணற்றில் கிடைத்த கணக்கும் ஒத்துவரும்வரை அந்த மனிதர் ஸ்டேஷனுக்கும் சேலத்துக்குமாக நடையாய் நடந்தார்.